அந்தக் கரகரப்பு யாருடையது?

1

காத்திவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மைக் செட்காரர் இருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், ஆடி மாசக் கூழ், கட்சிக் கூட்டம், சாவு, எதுவாக இருந்தாலும் அவருடைய குழாய் கட்டாமல் எங்கள் பக்கம் நடந்ததில்லை. 2016 கடைசியில் அவரிடமிருந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை விலைக்கு வாங்கினேன். வாங்கிய மூன்றாம் வாரம் அதைப் பிரித்துப்போட்டேன். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர்களையும் வால்வுகளையும் எடுத்து வேறொரு ஆம்ப் செய்தேன். 1971இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஆங்கிலேயர் வாசித்த கிடாரின் சத்தத்தைக் காத்திவாக்கத்தில் வரவைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். தப்புதான் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு பழசை மீட்பதற்காக இன்னொரு பழசைக் கொல்லலாமா என்ற கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ஹார்பரில் வேலைபார்த்த மாமா பர்மா பஜாரிலிருந்து கேசட்டுகள் வாங்கிவருவார். அதில் ஒன்றின் மேல் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் ‘டீப் பர்ப்பிள்’ என்று எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. தண்ணீர்மேல் புகை என்று மாமா அர்த்தம் சொன்னதும், அது எங்கள் ஊரைப் பற்றிய பாட்டு என்றே நம்பிவிட்டேன். மாடியில் ஏறினால் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். அதன்மேல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகை. வேறு எதைப் பற்றி இருக்க முடியும்?

உண்மைக்கதை வேறு. 1971 டிசம்பர் 4 அன்று, ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரோ நகரத்தின் கேசினோவில் ஃப்ராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டிடமே எரிந்துபோனது. புகை ஏரியின்மேல் பரவியது. அந்தக் கேசினோவில்தான் டீப் பர்ப்பிள் தங்கள் ஆல்பத்தைப் பதிவுசெய்வதாக இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரிக்குள்ளேயே அமைந்த ஒலிப்பதிவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். இடம் போய்விட்டதால் வேறொரு அரங்குக்கு மாறினார்கள். அங்கே அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. கதவைத் திறப்பதற்குள் இந்தப் பாட்டின் அடித்தளத்தைப் பதிந்து முடித்துவிட்டார்கள். மிச்ச ஆல்பம், குளிர்காலத்துக்காகப் பூட்டிக்கிடந்த ஒரு ஹோட்டலின் நடைபாதைகளில் மெத்தைகளை நிறுத்திவைத்துப் பதிவானது. 1972 மார்ச்சில் ‘மெஷின் ஹெட்’ என்ற பெயரில் வெளிவந்தது.

ஆக, நான் மீட்க நினைத்த சத்தம் அவசரத்தில், இரவல் இடத்தில், போலீஸ் கதவைத் தட்டும்போது பிறந்தது. அதுகூட எனக்கு நேராக வரவில்லை. அறையில் ஒலித்தது மைக்குக்குப் போய், லாரியிலிருந்த டேப்புக்குப் போய், இசைத்தட்டாகி, யாரோ ஒருவர் கேசட்டில் பதிந்து, அதை இன்னொருவர் இன்னொரு கேசட்டில் பதிந்து, பெல்ட் தளர்ந்துபோன எங்கள் டூ-இன்-ஒன்னில் கொஞ்சம் மந்தமாக ஓடி, என் காதுக்கு வந்தது. பல வருடம் கழித்து அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக இருந்தது. நான் காதலித்தது அந்தப் பர்மா பஜார் நகலை. அசல் எது என்ற கேள்விக்கு, என் வரைக்கும், பதில் அங்கேயே குழம்பிவிட்டது.

3

ராக் கிடாரின் அந்தக் கரகரப்புக்கு ஒரு பௌதிகம் இருக்கிறது. வால்வு ஓர் அளவுக்குமேல் அலையைத் தூக்க முடியாமல் திணறும். அலையின் உச்சி தட்டையாகும். உச்சி தட்டையானால் மூல சுரத்தோடு இல்லாத மேல்சுரங்களும் சேர்ந்து பிறக்கும். சத்தம் தடிக்கும், நீளும், கொஞ்சம் கிழியும். இன்ஜினியரின் அகராதியில் இதற்குப் பெயர் கோளாறு.

வரலாற்றிலும் அது கோளாறாகத்தான் நுழைந்தது. 1951இல் மெம்ஃபிஸில் ‘ராக்கெட் 88’ பதிவானபோது, வழியில் சேதமான ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் கோனில் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த கிடார், பழுதான டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய் உறுமியது. அந்தப் பதிவின் இன்ஜினியர், மறுபடியும் அதே உறுமல் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க ஆரம்பித்ததும், அந்தப் பழுதையே செய்துதரும் ஒரு பெட்டியை உருவாக்கினார். 1962இல் அது கடைக்கு வந்தது. ஃபஸ் பெடல் என்று இன்றைக்கு நாம் சொல்வது அதன் வாரிசு.

மார்ஷல் கதை இன்னும் சுவாரசியம். 1962இல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் கிடார்காரர்கள் வந்து புலம்புவார்கள்: அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்ப் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்து அப்படியே செய்ய முனைந்தார்கள். அமெரிக்க உதிரிபாகம் கிடைக்கவில்லை. அங்கே கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டார்கள். முதல் கட்டத்தில் கூடுதல் பெருக்கம் தரும் வால்வைப் போட்டார்கள். பின்னால் பவர் வால்வும் மாறி, ஐரோப்பாவில் சுலபமாகக் கிடைத்த இ.எல். 34 வந்தது. இப்படி நகலெடுக்கப் போன இடத்தில் வேறொரு சத்தம் பிறந்தது. ரிச்சி பிளாக்மோர் அந்தக் காலத்தில் மேடையில் அடுக்கி வைத்திருந்தவை மார்ஷல்கள்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. கிடைத்ததை வைத்துச் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்ததை அச்சாக வரவைக்க, கிடைக்காததைத் தேடி அலைந்தேன் நான்.

4

மைக் செட்காரர் அந்த ஆம்ப்ளிஃபையரைக் கட்டிலுக்கடியில் கோணி சுற்றி வைத்திருந்தார். கம்பெனிப் பெயர் தேய்ந்துபோயிருந்தது. முன்பக்கத் தகட்டில் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன.

“இன்னாத்துக்குப்பா இது? இப்போ பாக்ஸ் வெச்சா தெருவே அதிருது. இத்த எவன் தொடுவான்?”

“கிடாருக்குணா.”

“கிடாருக்கு இவ்ளோ சவுண்டா?”

“சவுண்டு இல்லணா, டோன். ஓவரா வெச்சா கரகரன்னு ஒரு மாரி கிழியும்ல, அது வேணும்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அது வரக்கூடாதுன்னுதாம்பா நாப்பது வருசமா பாத்துக்கினு கீறேன்.”

காயலான் கடைக்காரர் உள்ளே இருக்கும் காப்பருக்காக எண்ணூறு ரூபாய் சொல்லியிருந்தாராம். நான் மூவாயிரம் கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். அந்த ஜோடி இ.எல். 34 வால்வுகளை மட்டும் இணையத்தில் விற்றால் மூவாயிரத்துக்கு மேல் போகும் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் அப்படியே கிடாரைச் செருகிப் பார்த்தேன். சத்தம் ஆகாசவாணிச் செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாக, மொண்ணையாக இருந்தது. அதனால் திறந்தேன். உள்ளே பார்த்ததும் கொஞ்சம் தயங்கினேன். சின்ன வால்வுகள் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்தவை. ஒயர்களை மெழுகுநூலால் கட்டியிருந்தார். தகட்டின் உட்புறம் எந்த வால்வை எந்தத் தேதியில் மாற்றினார் என்று பென்சிலில் எழுதிவைத்திருந்தார். உப்புக்காற்றில் ஒரு ஆணி ஒரு வருஷம் தாங்காத ஊரில், ஒவ்வொரு சால்டரும் மணிபோல உருண்டு பளபளத்தது. மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

அது 2017 ஜனவரி. அந்த மாசம் 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கறுப்பு எண்ணெய் கரைக்கு வந்தது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். மைக் செட்காரரின் குழாய், ஆட்டோவின் தலையில் ஏறி, குப்பம் குப்பமாக அறிவித்துக்கொண்டே போனது. காற்றையும் அலையையும் தாண்டி ஒரு சொல்கூடச் சிதறாமல் எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்டது. உள்ளே நான், சத்தம் எப்படிச் சிதற வேண்டும் என்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

மார்ச்சில் என் ஆம்ப் தயாரானது. அதே மார்ச் கடைசியில் எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடினார்கள். 1970இலிருந்து ஓடியது, 450 மெகாவாட். தண்ணீர்மேல் புகை நின்றுவிட்டது.

ஏப்ரல் ராத்திரிகளில் பதிவுசெய்தேன். பூக்கடைப் பக்கம் பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு மைக். எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். ஸ்டெபிலைசர் முள் 170க்கு இறங்கிவிடும். எட்டி வான் ஹேலன் தன் முதல் ஆல்பத்தின் பிரபலமான சத்தத்துக்காக, வேரியாக் என்ற கருவியை வைத்து மார்ஷலுக்குப் போகும் மின்சாரத்தை சுமார் 90 வோல்ட்டுக்குக் குறைத்து வைத்திருந்தார். அமெரிக்காவின் 120இல் 90 என்பது முக்கால் பங்கு. நம் 230இல் முக்கால் பங்கு என்றால் 172. கலிஃபோர்னியாவில் காசு கொடுத்து வாங்கிய கருவி செய்த வேலையை எங்கள் தெருவின் லோ வோல்டேஜ் இலவசமாகச் செய்தது. கிடைத்ததை வைத்துச் செய்வது என்பதை அன்றைக்குத்தான் கொஞ்சம் ருசித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. வால்வு ஆம்பில் மின்சாரத்தின் முனகல் எப்போதும் அடியில் கேட்கும். நம் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை அலைகிறது, ஐரோப்பாவிலும் அதேதான். அமெரிக்காவில் 60. அதனால் இங்கே முனகல் 50, 100 ஹெர்ட்ஸில் வரும். மேற்கத்திய சுரவரிசையில் ஜி என்ற சுரம் 49, 98 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஜி-யில் அமைந்த பாட்டு. அதாவது எங்கள் தெரு மின்சாரம், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏறி, கிட்டத்தட்ட அதே சுருதியில் தம்பூரா போட்டுக்கொண்டிருந்தது. மோன்த்ரோவிலும் அன்றைக்கு ஆம்புகள் இதே சுருதியில்தான் முனகியிருக்கும். எண்ணூரில் நிலையத்தை மூடிய பிறகும் சுருதி மாறவில்லை. கிரிட்டுக்கு ஊர்ப்பெயர் கிடையாது.

பிளாக்மோர் அந்த வரியை மீட்டுகோலால் அடிக்காமல், இரண்டு தந்திகளை ஒரே சமயத்தில் விரலால் கிள்ளி வாசித்தார். நானும் கிள்ளினேன். டேப்பைத் திரும்ப ஓட்டினால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கேசட்டே திரும்பி வந்ததுபோல, அடியில் ஒரு பொரிப்பு, விண்டேஜ் என்றால் விண்டேஜ்.

6

அதை மைக் செட்காரருக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குக் கூட்டிவந்து நேரிலேயே வாசித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லாத்தான் கீது. ஆனா எங்கியோ டிரை சால்டர் கீது பாரு.”

“இல்லணா, அதுதான் டோன்.”

“அது வேற, இது வேற தம்பி. வால்வு கத்துறது ஒண்ணு கேக்குது. அது உன் விருப்பம். அடியில பொரியுது பாரு, அது டிரை சால்டர்.”

பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, ஆளைக் கொல்லும். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையில் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினார். நான் ஸ்ட்ரிங்கை மீட்டிக்கொண்டே இருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ தட்டலில் பொரிப்பு எகிறியது. நான் வைத்த சால்டர். அணைத்து, கெபாசிட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, அவரே மறுபடி வைத்தார். மணிபோல உருண்டது.

வாசித்தேன். பொரிப்பு போய்விட்டது. கரகரப்பு அப்படியே இருந்தது, முன்னைவிடத் தடித்து.

பழைமையின் வாசனை என்று நான் உருகியதில் ஒரு பகுதி என் கைப்பிழை. நான் ஒன்றாகக் கேட்டதில் அவர் இரண்டு கேட்டார். நாற்பது வருடம் கரகரப்பை விரட்டியவருக்கு, கரகரப்பில் எத்தனை வகை உண்டு என்பது அதை நேசிப்பவனைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. மூவாயிரம் கொடுத்து அவருடைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று அவரிடம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அன்றைக்கே வால்வு விலையையும் சொல்லிவிட்டேன். சிரித்தார். “வித்தவன் வாங்குனவன் கணக்கு அன்னிக்கே முடிஞ்சிது.” பணம் வாங்கவில்லை. அவர் வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் வாதங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நகலெடுக்காமல் யாரும் எதையும் கற்றதில்லை. அந்த ஆம்ப் எப்படியும் காயலான் கடைக்குப் போயிருக்கும், நான் எடுத்ததால் பாதியாவது பிழைத்தது. எந்தச் சத்தத்தை நேசிக்க வேண்டும் என்று காத்திவாக்கத்துக்காரனுக்கு யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. உன் மண்ணின் இசையைப் பார் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மை நம் மண்ணிலேயே நிறுத்திவைக்க நினைப்பவர்கள். 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் வடசென்னை கானாவோடு எலெக்ட்ரிக் கிடாரும் உறுமியபோது, அது யாருடைய வாத்தியம் என்ற கேள்விக்கே அங்கே இடம் இருக்கவில்லை. இவை எல்லாமே சரியான வாதங்கள். ஆனாலும் இவற்றில் ஒன்றும் என் உறுத்தலைத் தொடவில்லை.

தொட்டது பக்கத்து ஊரில் கிடைத்தது. திருவொற்றியூரில் 1950களின் நடுவில், இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு புல்லட்டை இங்கே கோர்க்க ஆரம்பித்தார்கள். 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. பின்னால் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. அந்த டப்-டப் சத்தத்தை யாரும் மீட்டெடுக்கவில்லை. நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார்கள், அதனால் அது இருந்தது. 2010ஐ ஒட்டி பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்தபிறகுதான், பழைய சத்தத்துக்காக சைலன்சர் மாற்றுகிற கூட்டம் பெருகியது. தொடர்வது ஒன்று, மீட்பது இன்னொன்று. தொடர்கிற பொருளுக்குத் தான் பழசு என்று தெரியாது. தேய்ந்ததை மாற்றி, தேதி எழுதி, அடுத்த சாவுக்கு, அடுத்த கல்யாணத்துக்குத் தயாராக இருக்கும். மீட்கப்படும் பொருளோ நின்றுபோன ஒரு கணத்தின் பொம்மை.

பதினைந்து வருடம் கட்டிலுக்கடியில் கிடந்ததைத் தொடர்ச்சி என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பொட்டுகளை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஓட்டாத கருவிக்கும் வருடம் தவறாமல் ஒருவர் பொட்டு வைத்திருக்கிறார். மூன்று வாரம் தயங்கியபோது எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அறுத்தேன். கொல்லலாமா என்ற கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் இருக்கிற பதில் சின்னது: கொல்வதற்கு முன்னால் அது எதற்காக உயிரோடு இருந்தது என்பதை அதை வைத்திருந்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் பிரித்திருப்பேனோ என்னவோ. ஆனால் குச்சியால் தட்டக் கற்றுக்கொண்டு பிரித்திருப்பேன்.

அந்த வருட ஆயுதபூஜைக்கு முந்தினநாள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். “பொட்டிய எடுத்துக்கினு வா தம்பி.” எதை என்று எனக்குப் புரியவில்லை. பழைய வெறும் கூட்டையும் என் ஆம்பையும் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். தட்டில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார். கூட்டைப் பார்த்தார், தொடவில்லை. என் ஆம்பின் முன்பக்கத்தில் பளபளப்பாக நான் ஒட்டியிருந்த தகட்டையும் தொடவில்லை. பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, உள்ளே கையை விட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் ஒரு பொட்டு வைத்தார்.